முகவாதம் வந்து ஆறு மாசம் தாண்டியாச்சு: சிரிச்சா கண் மூடுது, சிமிட்டினா வாய் இழுக்குது

#1 கண்டாங்கி

நம்ம பக்கம் ஒருத்தருக்கு வாய் கோணிப் போச்சுன்னா முதல் வாரம் யோசனை சொல்ல ஊரே கூடும். காத்துப் பட்டுருச்சும்பாங்க, வாயு பிடிச்சிருச்சும்பாங்க, மந்திரிக்கச் சொல்லுவாங்க, புறா ரத்தம் தடவச் சொல்லுவாங்க. ஆறு மாசம் கழிச்சு மிச்சம் நிக்கிறதைப் பத்திக் கேட்டா ஒருத்தருக்கும் பதில் வராது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல்னு எங்கிருந்து கேள்வி வந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. சிரிச்சா அந்தப் பக்கத்துக் கண் சுருங்குது. கண்ணைச் சிமிட்டினா வாயோரம் துடிக்குது. புளிக்குழம்பு சாப்பிட்டா ஒரு கண்ணுல மட்டும் தண்ணி கொட்டுது. கன்னம் பலகையாட்டம் இறுகிக் கிடக்குது. எல்லாத்துக்கும் கிடைக்கிற பதில் ஒண்ணே ஒண்ணு: "இன்னும் பலம் வரலை, பலூன் ஊது."

விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், செய்முறை வேணும். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி மட்டும்: ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன். அதனால இதைப் படிச்சுக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்டப் போங்க.

#2 வளவு_வெளிச்சம் (பிசியோதெரபி)

கண்டாங்கி அக்கா சொன்ன எதுவும் பலக்குறைவால் வருவதில்லை. நரம்பு திரும்ப வளரும்போது பாதை மாறியதால் வருபவை. இந்த ஒன்று புரிந்தால் செய்ய வேண்டியது பாதி தானாகத் தெரிந்துவிடும்.

முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு காதுக்குக் கீழே எலும்புத் துளை வழியாக வெளியே வந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது: நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து. எலும்புக்குள் அது வீங்கி நசுங்கும்போது உள்ளிருக்கும் இழைகள் அறுந்தால், மறுபடி நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் வளர்ந்து வரும். வளரும் இழைக்குப் பழைய வழி ஞாபகம் இருக்காது. வாய்க்குப் போக வேண்டியதில் கொஞ்சம் கண்ணுக்குப் போய்ச் சேரும், கண்ணுக்கானது கழுத்துக்குப் போகும். பழைய செட்டிநாட்டு வீட்டில் அரைகுறையாக ஒயரிங் மாற்றினால், முகப்பு விளக்கு சுவிட்சைப் போட்டதும் இரண்டாம் கட்டு ஃபேனும் சேர்ந்து ஓடுமே, அதே கதைதான். இதற்கு சின்கைனீசிஸ் என்று பெயர். தமிழில் கூட்டசைவு என்று சொல்லிக்கொள்ளலாம். முகவாதம் வந்து 3 முதல் 6 மாதத்தில் தலைகாட்டும். "நல்லாத் தேறிக்கிட்டு வந்துச்சு, திடீர்னு கண் சின்னதாயிருச்சு" என்று சொல்வது அதனால்தான்.

மருந்தே இல்லாமல் சுமார் 70 சதவீதம் பேர் முழுசாகத் தேறிவிடுகிறார்கள். முதல் மூன்று வாரத்துக்குள் ஏதாவது அசைவு வந்தவர்களுக்கு மிச்சம் பெரும்பாலும் நிற்காது. முதல் அசைவே மூன்றாம் மாதத்துக்கு மேல் வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கூட்டசைவு வருகிறது. காதில் கொப்புளத்தோடு வந்த வகை, அதாவது அக்கிக் கிருமியால் வரும் ராம்சே ஹன்ட், இன்னும் கொஞ்சம் மோசம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெல்ல "ஊ" என்று உதட்டைக் குவியுங்கள். அந்தப் பக்கத்துக் கண் சிறுத்தால் கூட்டசைவு. தூங்கப் போவது போல் கண்ணை மெதுவாக மூடுங்கள். வாயோரம் மேலேறினால் அதுவும் அதே. சிரிக்கும்போது கழுத்தில் கயிறு மாதிரி தசை புடைக்கிறதா, முகவாய்க்கட்டை ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகிறதா என்றும் பாருங்கள். இதில் எதுவுமே இல்லாமல் முகம் தொங்கித்தான் கிடக்கிறது என்றால் அது வேறு கணக்கு. அவர்கள் #14-ஐப் பார்க்கவும்.

#3 புதுவயல்_மில்

அப்ப பலூன் ஊதுறது, சூயிங்கம் மெல்லுறது எல்லாம் தப்பா? ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தானே அனுப்புறாங்க.

#4 வளவு_வெளிச்சம் (பிசியோதெரபி)

சூயிங்கத்தால் கெடுதல் இல்லை, பிரயோசனமும் இல்லை. மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு. ஏழாவதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாடை வலிதான் மிச்சம்.

பலூனில்தான் உண்மையான கெடுதல். பலூன் ஊதும்போது முகத்தில் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இறுகும். பாதை மாறிய நரம்பு இருக்கிற முகத்தில் "வாயும் கண்ணும் சேர்ந்தே போகணும்" என்று நாமே உருப்போட்டுக் கொடுக்கிறோம். கண்ணை இறுக்கி மூடி மூடித் திறப்பது, "ஈ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது, இரண்டும் அதே வகை. அசைவே வராத முதல் வாரங்களில் சொன்ன யோசனையை அப்படியே ஒரு வருடத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதுதான் கோளாறு.

#5 தேவகோட்டை_ரஸ்தா (பிசியோதெரபி)

கரண்ட் வைப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், அதற்கு முன் ஒரு வார்த்தை. நரம்பு முழுசாக வேலை செய்யாத காலத்தில் தசை மெலிந்துபோகாமல் இருக்க மின்தூண்டல் வைக்கிறோம். பல வருடப் பழக்கம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பாய்வு அதனால் கெடுதல் நிரூபணமாகவில்லை என்றுதான் சொல்கிறது.

#6 வளவு_வெளிச்சம் (பிசியோதெரபி)

அண்ணே, அதே தொகுப்பாய்வு நன்மையும் நிரூபணமாகவில்லை என்று சொல்கிறதே. ஆளுக்கேற்ற முகப் பயிற்சி நாள்பட்டவர்களுக்கு உதவலாம் என்பதும் அதில்தான் இருக்கிறது. அசைவே இல்லாத கட்டத்தில் உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். கூட்டசைவு வந்த பிறகு கரண்ட் வேண்டாம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏற்கனவே இறுகி நிற்கிற தசையை இன்னும் சுருங்கச் சொல்லி எதற்குத் தூண்ட வேண்டும்?

#7 தேவகோட்டை_ரஸ்தா (பிசியோதெரபி)

கூட்டசைவு வந்த பிறகு நானும் நிறுத்திவிடுவேன். சிக்கல் என்னவென்றால், 30 சிட்டிங் என்று முன்பணம் கட்டியவர்கள் நிறுத்த விடமாட்டார்கள்.

#8 செக்காலை (கண் பராமரிப்பு)

கண்ணைப் பற்றி நான் எழுதுகிறேன். முகம் கோணலாக இருந்தால் வாழ்ந்துவிடலாம், கருவிழியில் புண் வந்து தழும்பானால் பார்வை போகும்.

கூட்டசைவு வந்த கண் சிறுத்துத் தெரிவதால் "நல்லா மூடுதே" என்று பலரும் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சிறுத்துத் தெரிவது வேறு, சிமிட்டும்போது முழுசாக மூடுவது வேறு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பேசிக்கொண்டிருக்கும்போது கவனிக்கச் சொல்லுங்கள். பத்துச் சிமிட்டலில் எத்தனை முழுசாக மூடுகிறது? பாதிதான் என்றால் கருவிழியின் கீழ்ப் பகுதி நாள் முழுக்கக் காய்கிறது. தூங்கும்போது கொஞ்சமாவது திறந்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் டார்ச்சை நேராக அடிக்காமல் ஓரமாக வைத்துப் பார்க்கட்டும்.

பகலுக்கு கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% சொட்டு போதும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை அரிக்கும். திறந்த பாட்டிலில் தேதி எழுதி வைத்து ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம், களிம்பு எப்போதும் கடைசியில். கடையில் "சிவப்பு குறையும்" என்று கொடுக்கிற சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். சீட்டு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ராத்திரி டேப் ஒட்டுவதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். கீழ் இமையை இழுத்து அரை செ.மீ. நீளக் களிம்பு வையுங்கள். கீழே பார்த்தபடி மேல் இமையை விரலால் இறக்கி மூடுங்கள். 5, 6 செ.மீ. மைக்ரோபோர் டேப்பை எடுத்து, இமைமயிரில் படாமல் அதற்குச் சற்று மேலே ஒட்டி, வெளிப்பக்கமாகக் கீழே சாய்த்துக் கன்னத்து எலும்பில் முடியுங்கள். ஒரு நுனியை மடித்து விட்டால் காலையில் உரிக்கப் பிடி கிடைக்கும். உரிக்கும் முன் தண்ணீரால் நனைக்கவும். கண் திறந்திருக்கும்போதே பஞ்சு வைத்துக் கட்டுவதுதான் மோசம், பஞ்சு நேராகக் கருவிழியை உரசும்.

#9 கோட்டையூர்_ஆச்சி

அப்பு, வீட்டுக் காரியத்தை நான் சொல்றேன். எண்ணெய் தேச்சுக் குளிக்கிற அன்னைக்கு அந்தக் கண்ணுல சீயக்காய் போனா நாள் பூராவும் எரியும், மூடிக்க முடியாதுல்ல. முன்னால குனிஞ்சு தலையை அலசக் கூடாது. முக்காலியில உக்காந்து தலையைப் பின்னால சாய்ச்சுக்கிட்டு இன்னொருத்தர் ஊத்தணும். நனைச்சுப் பிழிஞ்ச துணியை நாலா மடிச்சு அந்தக் கண்ணு மேல வச்சுக்கிடணும்.

மிளகாய் வறுக்கிற வேலையைப் பின்கட்டுல, காத்துக்கு முதுகு காட்டி நின்னு செய்யணும். கோயில்ல திருநீறு பூசிவிட்டு ஊதுறவுகளை ஊத வேண்டாம்னு சொல்லிப்புடணும். நாமளே எடுத்து நெத்தியில தொட்டு இட்டுக்கிட்டா கண்ணுல விழாது. ராத்திரி ஃபேனுக்கு நேர் கீழ படுக்காம, காத்து கால்பக்கம் படுற மாதிரி பாயைத் திருப்பிப் போட்டுக்கங்க.

கேட்க வேண்டியது ஒண்ணு: விளக்கெண்ணெய் ஒரு சொட்டு கண்ணுக்குக் குளிர்ச்சிம்பாகளே, விடலாமா?

#10 செக்காலை (கண் பராமரிப்பு)

வேண்டாம் ஆச்சி. செக்கில் ஆட்டியது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணுக்கென்று சுத்திகரித்தது இல்லை. நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் அப்படித்தான். சரியாக மூடாத கண்ணில் சின்னக் கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். நெல் தூசி, உமி பட்டு வரும் பூஞ்சைப் புண் நம் பக்கத்தில் அதிகம். புதுவயல் மில் பக்கம் வேலை பார்ப்பவர்கள் ஓரம் மூடிய கண்ணாடி இல்லாமல் களத்தில் நிற்கக் கூடாது. பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கியே வைத்திருங்கள்.

வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல், இந்த நாலில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டர். மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும்தான், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஒரு பயங்காட்டலும் சேர்த்து: கண் சிவந்திருக்கிறது, வலியே இல்லை என்றால் நிம்மதி வேண்டாம். கருவிழியில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அது இன்னும் ஆபத்து. முகத்தில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை.

#11 வளவு_வெளிச்சம் (பிசியோதெரபி)

பயிற்சி. காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் இடம். முற்றத்து வெயிலுக்கு நேரே உட்கார்ந்தால் கண் கூசிச் சுருங்கும், கூட்டசைவை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகும். வளவில் தூண் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்காருங்கள். பெட்டகசாலையில் தொங்குகிற பெல்ஜியம் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் ரசம் போன கண்ணாடியில் 2 மி.மீ. அசைவு தெரியாது. கடையில் வாங்கிய சாதாரணக் கண்ணாடியை முக உயரத்துக்கு நிமிர்த்தி வையுங்கள். குனிந்து பார்த்தால் கழுத்துத் தசை இழுக்கும்.

வெதுவெதுப்பான ஈரத் துணியை 5 முதல் 10 நிமிடம் கன்னத்தில் வையுங்கள். அப்புறம் மசாஜ். தேய்ப்பது வேறு, இழுப்பது வேறு, இங்கே வேண்டியது இழுப்பு. கையைக் கழுவி, பெருவிரலைக் கன்னத்துக்கு உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்தால் உள்ளே பட்டை மாதிரி இறுக்கம் தட்டுப்படும். அதைப் பிடித்து மெல்ல வெளியே, கீழ்நோக்கி இழுத்து 20, 30 விநாடி நிறுத்துங்கள். மூன்று இடத்தில் இப்படி. வலித்தால் விசை அதிகம். எண்ணெய் வேண்டாம், விரல் வழுக்கும், கண்ணுக்கும் போகும்.

மேல் இமைக்கு: கீழே பார்த்தபடி ஒரு விரலின் பின்பக்கத்தால் இமையை மெல்ல இறக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் புருவத்தை மேலே நீவி 15 விநாடி.

பிறகுதான் அசைவு. முகத்தைத் தளர்த்தி, பல் ஒட்டாமல், உதடு மட்டும் லேசாகச் சேர்ந்திருக்கட்டும். இரண்டு வாயோரத்தையும் மிக மெதுவாக நகர்த்துங்கள். பார்க்க வேண்டியது வாயை அல்ல, கண்ணை. கண் சிறுக்கத் தொடங்குகிற அந்தப் புள்ளிக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி 3 விநாடி வைத்து, வந்த வேகத்திலேயே திரும்புங்கள். நல்ல பக்கம் முந்திக்கொண்டு ஓடும். அதை இழுத்துப் பிடித்து, நொண்டுகிற பக்கத்தின் அளவுக்கே விடுங்கள். ஐந்து முறை, நடுவில் முழு ஓய்வு. முதல் வாரம் அசைவு 2 மி.மீ. கூட இருக்காது, பக்கத்தில் இருப்பவர்கள் "ஒண்ணுமே பண்ணலையே" என்பார்கள். அப்படிச் சொன்னால் சரியாகச் செய்கிறீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஓர் அசைவு. சிரிப்பு பிடிபட்ட பிறகு "ஊ", அதற்குப் பிறகு கண்ணை மெல்ல மூடும்போது வாயைச் சும்மா வைத்திருப்பது. மாதம் ஒரு முறை அதே இடம், அதே வெளிச்சத்தில் போனில் 30 விநாடி வீடியோ எடுங்கள். தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன் எடுத்ததோடு ஒப்பிட்டால் தெரியும். போனில் இடமும் வலமும் மாறித் தெரியலாம் என்பதால் எந்தப் பக்கம் என்று வீடியோவில் வாயால் சொல்லிவிடுங்கள். பயிற்சி தெரிந்த ஒருவரிடம் மாதம் ஒரு முறை காட்டித் திருத்திக்கொண்டால் போதும், தினம் போய்ப் படுக்க வேண்டியதில்லை. பலன் தெரிய ஆறு மாதம் என்று கணக்கு வையுங்கள். வந்து ஐந்து வருடம் ஆனவர்களும் தொடங்கலாம்.

#12 கும்மாயம் (பல்)

சாப்பாட்டுப் பக்கம். கன்னத் தசை சோர்ந்திருந்தால் கடித்த உணவு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுங்கி அங்கேயே தங்கும். கந்தரப்பம், பால் பணியாரம் மாதிரி ஒட்டுகிற இனிப்பு ஒதுங்கினால் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் வரிசையாகச் சொத்தையாகும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளிப்பு மட்டும் போதாது. கன்னத்தில் அழுத்தம் இல்லாததால் தண்ணீர் அங்கே சுழலாது. விரலை விட்டு வழித்து எடுத்துவிட்டுப் பிறகு கொப்பளியுங்கள்.

விருந்து முடிந்ததும் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் கவனியுங்கள். சுண்ணாம்பும் பாக்கும் அதே சந்தில் அடங்கிவிடும். சுண்ணாம்பு பொத்துவிடும், பாக்கு நாளாவட்டத்தில் உள்கன்னத்தை நார் நாராக இறுக்கிவிடும். ஏற்கனவே இறுகின கன்னத்துக்கு அது இரட்டைத் தண்டனை.

தண்ணீர் குடிக்க: நம் ஊர்ப் பழக்கப்படி அண்ணாந்து குடித்தால் உதட்டுக்கு வேலையில்லைதான், ஆனால் விழுங்கும்போது உதடு மூட வேண்டும், அந்த நேரத்தில் ஓரமாக ஒழுகும், அவசரத்தில் புரையும் ஏறும். விளிம்பு மெல்லிசாக உள்ள டம்ளரில் நல்ல பக்கமாக வாய் வைத்துச் சிறு மடக்காகக் குடியுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும்போது கண் மூடும். பல் டாக்டரிடம் மரத்துப் போகும் ஊசி போட்டுக்கொண்டால் உணர்ச்சி வரும் வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள்.

#13 செக்காலை (கண் பராமரிப்பு)

சாப்பிடும்போது வரும் கண்ணீரையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அதற்கு முதலைக் கண்ணீர் என்றுதான் மருத்துவத்திலும் பெயர். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பியில் போய் முடிந்திருக்கும். நாக்கில் புளி, காரம் பட்டதும் வாயில் எச்சில் ஊறுகிற அதே கட்டளை கண்ணிலும் ஊற வைக்கும். சிலருக்கு வாசனையே போதும்.

இதையும் இமை தொங்குவதால் வழிகிற தண்ணீரையும் குழப்பக் கூடாது. சாப்பிடும்போது மட்டும் வந்தால் இது. காற்றில், படிக்கும்போது, எந்நேரமும் வழிந்தால் கீழ் இமை விலகியிருக்கிறது, அதற்குத் தனி வைத்தியம். முதலைக் கண்ணீர் வருகிறதே என்று உலர்வுக்கான சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு நேரம் போக மீதி நேரம் அதே கண் காய்ந்துதான் கிடக்கும். தொந்தரவு அதிகமானால் கண்ணீர்ச் சுரப்பியில் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி போடுகிறார்கள்.

#14 ஆத்தங்குடிக்கல் (இ.என்.டி.)

அந்த ஊசியைப் பற்றியும், இந்த உரையாடலில் யாரும் தொடாத மற்றதைப் பற்றியும்.

போட்டுலினம் என்றதும் "அழகுக்குப் போடுறதாச்சே" என்கிறார்கள். இங்கே வேலை வேறு. கூட்டசைவில் அளவுக்கு மீறி இழுக்கிற தசைகளை, அதாவது கண்ணைச் சுற்றியுள்ளது, முகவாய்க்கட்டை, கழுத்துப் பட்டை இவற்றை மிகச் சிறிய அளவில் தளர்த்துகிறோம். நல்ல பக்கத்து நெற்றியிலும் வாயோரத்திலும் கொஞ்சம் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். 3 முதல் 5 நாளில் வேலை தொடங்கி இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். நிரந்தரத் தீர்வு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. ஆனால் அந்த மூன்று மாதம் வளவு_வெளிச்சம் சொன்ன பயிற்சிக்கு நல்ல காலம். குறுக்கே இழுக்கிற தசை ஓய்ந்திருக்கும்போது சரியான அசைவைப் பழக்கலாம்.

எந்த இடத்தில் எத்தனை யூனிட், எந்தப் பிராண்ட் என்று முகப் படம் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிராண்டுக்குப் பிராண்ட் யூனிட் கணக்கு மாறும். அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள்தான் வழிகாட்டி. முதல் தடவை குறைவாகவே போடச் சொல்லுங்கள். கண்ணைச் சுற்றி அதிகமானால் இமை தொங்கும் அல்லது கண் மூடுவது குறையும், அப்போது ராத்திரிக் களிம்பும் டேப்பும் திரும்பத் தேவைப்படும். ஊசி போட்ட அன்றைக்கு மசாஜ் கூடாது. மூன்று மாதத்துக்குள் மறுபடி போடக் கூடாது, உடம்பு எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடுகிற கை வேறு, இந்தக் கை வேறு.

இப்போது முகம் தொங்கியே கிடப்பவர்களுக்கு. நான்கு மாதம் ஆகியும் ஒரு துடிப்புகூட வரவில்லை என்றால் அதை பெல்ஸ் பால்சி (காரணம் தெரியாமல் வரும் சாதாரண முகவாதம்) என்று சொல்லிக்கொண்டே காத்திருக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்புப் பாதை முழுவதும், காதுக்கு முன்னாலுள்ள எச்சில் சுரப்பி உட்படப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணியது, அதே பக்கம் மறுபடி வந்தது, காதோரம் கட்டி, இவையும் அப்படித்தான். நரம்பை இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காலக்கெடு உண்டு. ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு மேல் கட்டளையே கிடைக்காத தசை நாராகிவிடும், அதன் பிறகு தொடையிலிருந்து தசை எடுத்து வைக்கிற பெரிய வேலைதான். கண் மூடாதவர்களுக்கு மேல் இமைக்குள் சுமார் ஒரு கிராம் தங்க எடை வைப்பது சின்ன அறுவைதான். முதலில் இமைக்கு வெளியே ஒட்டிப் பார்த்து எடையை முடிவு செய்வார்கள். (செட்டிநாட்டில் இதைச் சொன்னால் "எத்தனை காரட்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.)

#15 புதுவயல்_மில்

டாக்டர், பழைய முகவாதக்காரருக்கே பக்கவாதம் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாய் ஏற்கனவே கோணல்தானே.

#16 ஆத்தங்குடிக்கல் (இ.என்.டி.)

நல்ல கேள்வி. கோணலை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாற்றத்தை வையுங்கள். புதிதாக மறுபக்கம் கோணுவது, கை ஒரு பக்கம் தொங்குவது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம், இதில் ஒன்று இருந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108. உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான். முதல் முறை கோணுபவர்களுக்கு நெற்றியைப் பாருங்கள். நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குகிறது, வாய் மட்டும் கோணல் என்றால் மூளையில் கோளாறாக இருக்கலாம். நெற்றியும் சேர்ந்து வழவழவென்று கிடந்தால் பெரும்பாலும் நரம்பு. ஆனாலும் வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டுக்குமே ஆஸ்பத்திரிதான்.

#17 பம்பரம் (பேச்சுப் பயிற்சி)

ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்ட வேண்டும். வ-வுக்கு மேல்பல் கீழ் உதட்டில் பட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ எல்லாம் உதடு குவிந்து வருபவை. இவைதான் சறுக்கும். க, ச, ட, த, ந, ற ஒன்றும் ஆகாது. உதடே ஒட்டாமல் பாடுகிற நிரோட்டகம் என்று ஒரு பாட்டு வகையே நம்மிடம் உண்டு, அதை இவர்கள் சுத்தமாகப் பாடிவிடுவார்கள். போனில் "பழனியப்பன்" என்று பேர் சொல்லத்தான் திண்டாட்டம். பலம் கொடுத்து "ப்ப்பா" என்று வெடிக்கக் கூடாது, கண் மூடிவிடும். வேகத்தைக் குறைத்து, ப-வை வெடிப்பில்லாமல் மெத்தென்று சொல்லிப் பழகுங்கள்: அம்மா, மாமா, அப்பம், பம்பரம். கண்ணாடியில் கண் சிறுக்காமல் வந்தால் மட்டும் அடுத்த சொல். போனை நல்ல பக்கத்தில் வைத்துப் பேசினால் மைக் அந்த ஓரத்தில் இருக்கும், கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்.

#18 கண்டாங்கி

கல்யாண வீட்டைப் பத்தியும் யாராவது. மேளம் காதைக் கிழிக்குது, போட்டோக்காரர் "பல்லு தெரியச் சிரிங்க"ங்கிறார்.

#19 ஆத்தங்குடிக்கல் (இ.என்.டி.)

காது: நடுக்காதில் சத்தத்தை மட்டுப்படுத்துகிற ஒரு குட்டித் தசையும் இதே நரம்பில்தான் ஓடுகிறது. அது ஓய்ந்திருந்தால் நாதஸ்வரமும் தவிலும் இடி மாதிரி விழும். மருந்துக் கடையில் கிடைக்கிற மெத்தென்ற காதடைப்பானை அந்தக் காதில் மட்டும் வைத்து, மேளத்துக்கு எதிர்ப்புறம் உட்காருங்கள். சிமிட்டும்போது காதுக்குள் "டபடப" என்றால் அந்தத் தசையிலும் கூட்டசைவு, பயம் வேண்டாம். நாள் முழுக்க அடைப்பானோடு இருக்காதீர்கள், சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும்.

போட்டோ: பிளாஷ் நேராக விழுந்தால் கண் கூசிச் சுருங்கி வாயையும் இழுக்கும். முன்கூட்டியே படக்காரரிடம் சொல்லி வெளிச்சத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பல் தெரியாத பாதிச் சிரிப்பு, அதாவது பயிற்சியில் நிறுத்துகிற அதே புள்ளி.

#20 கோட்டையூர்_ஆச்சி

பிள்ளையார் நோன்பை விட்டுட்டிகளே. இழை எடுத்துக்கிடும்போது, அதாவது மாவுல வச்சு ஏத்தின திரியை, சுடரோட வாயில போடணும், உதடு சட்டுனு மூடணும். மூடலைன்னா சுடர் அணையாம உதட்டோரம் பொத்துப் போகும். வாய் கோணினவுகளுக்கு, இழை எடுத்துக் குடுக்குறவுக சுடரை அமர்த்திட்டு மாவைக் கையில குடுத்தாப் போதும். பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரு.

#21 கும்மாயம் (பல்)

மாவையும் நல்ல பக்கமாக வைத்து மெல்லச் சொல்லுங்கள் ஆச்சி. வெல்லம் சேர்ந்தது, அந்தச் சந்தில் ஒட்டினால் விரலை விட்டு வழித்துத்தான் எடுக்க வேண்டும்.